பழைய திங்க்பேடுக்குக் கோர்பூட்: பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: லினக்ஸும், அதைப் போன்ற இன்னொரு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியும் பயன்படுத்துவதற்காகப் பழைய திங்க்பேட் எக்ஸ்230 ஒன்று வாங்க இருக்கிறேன். லேப்டாப் விலைக்கு மேல் தனிக் கட்டணம் கொடுத்தால், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கோர்பூட் என்ற திறந்த மூல நிரலைப் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். பயாஸை மாற்றாவிட்டால் லினக்ஸ் சரியாக ஓடாது என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவர் சொல்லும் காரணத்துக்காகக் கொடுக்க வேண்டாம். எக்ஸ்230, லெனோவோ 2012-ல் கொண்டுவந்த மாடல். அதில் ஏற்கெனவே இருக்கும் பயாஸை வைத்துக்கொண்டே லினக்ஸ், ஓபன்பிஎஸ்டி இரண்டையும் பென்டிரைவிலிருந்து நிறுவிவிடலாம். அந்த வேலைக்காக மட்டும் ஒருவர் உங்களிடம் கட்டணம் கேட்டால், தேவையில்லாத ஒன்றை விற்கிறார் என்றே பொருள்.

கோர்பூட்டுக்கு வேறு நியாயமான காரணங்கள் உண்டு. லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் 1999-ல் ரான் மின்னிச் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கி, 2008-ல் இன்றைய பெயரைப் பெற்ற இந்தத் திட்டம், கணினியைத் தட்டி எழுப்பும் முதல் நிரலையே யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் வழிசெய்கிறது. எக்ஸ்230-ல் நினைவகத்தையும் திரையையும் தொடங்கிவைக்கும் பகுதிகள்கூடத் திறந்த மூல நிரலாகவே கிடைக்கின்றன. அன்றாடப் பயன்பாட்டில் உடனே தெரியும் பலன் வைஃபை அட்டையில் இருக்கிறது. லெனோவோவின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைக் கண்டால் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி அங்கேயே நின்றுவிடும். கோர்பூட்டில் அந்தத் தடை கிடையாது. பழைய அட்டையை எடுத்துவிட்டு வேகமான ஒன்றைப் பொருத்த விரும்புகிறவருக்கு இது பணத்துக்கு ஏற்ற பயன்தான். ஆனால் பேட்டரி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: வேற்று நிறுவன பேட்டரியை ஏற்க மறுப்பது பயாஸ் அல்ல, எம்பெடட் கன்ட்ரோலர் என்னும் தனிச் சிப்பில் ஓடும் நிரல், கோர்பூட் அதைத் தொடுவதே இல்லை. ‘கோர்பூட் போட்டால் எந்த பேட்டரியும் ஏறும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் (இன்டெல் சில்லுத் தொகுப்புக்குள் தனியாக ஓடும் சிறு கணினி) முழுவதும் அகற்றப்படும் என்ற வாக்குறுதியும் அடிக்கடி காதில் விழுகிறது. 2008-ல் வந்த எக்ஸ்200, டி400 போன்ற மாடல்களில் அது உண்மையாகவே முடியும். எக்ஸ்230-ல் முடியாது, அந்த என்ஜினின் நிரலை முற்றிலும் அழித்துவிட்டால் கணினி அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். எம்இ கிளீனர் என்ற கருவியைக் கொண்டு பெரும்பகுதியை வெட்டிவிட்டு, தொடக்கத்துக்கு வேண்டிய சிறு துண்டை மட்டும் விட்டுவைப்பதே அங்கே நடைமுறை.

இத்தனையும் தெரிந்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால், கடைக்காரரிடம் ஒரு நிபந்தனை வையுங்கள். மாற்றுவதற்கு முன் அந்தக் கணினியிலிருந்து எடுத்த பழைய பயாஸின் நகலை பென்டிரைவில் உங்களிடம் தந்துவிட வேண்டும். அந்த நகலில்தான் உங்கள் ஈதர்நெட் போர்ட்டை நெட்வொர்க்கில் அடையாளம் காட்டும் மேக் முகவரி இருக்கிறது. நாளை பழைய நிலைக்குத் திரும்ப நினைத்தால் அதே கணினியின் நகல்தான் உதவும். நகல் தர மறுக்கும் கடையிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோர்பூட் நிறுவப்பட்டது என்பதையும் அதன் பதிப்பையும் பில்லில் எழுதி வாங்குங்கள். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் (dmidecode) கட்டளையைக் கொடுத்தால் பயாஸ் தயாரிப்பாளர் என்ற இடத்தில் கோர்பூட் என்று வர வேண்டும்.

கேள்வி: நானே செய்துகொள்ள ஆசை. சிப்பில் நிரலை எழுத உதவும் சிஎச்341ஏ புரோகிராமரும், சிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பும் சேர்ந்து ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: கறுப்பு நிறச் சர்க்யூட் பலகையாக விற்கப்படும் சிஎச்341ஏ-வை அப்படியே பயன்படுத்த வேண்டாம். எக்ஸ்230-ல் பயாஸ் பதிந்திருக்கும் ஃபிளாஷ் சிப்புகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை; இந்தப் புரோகிராமரோ தரவுக் கால்களில் 5 வோல்ட் அனுப்புகிறது. பலருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான், ஆனால் சிப்போ மதர்போர்டோ பழுதானால் மிச்சம்பிடித்த பணத்தைவிட அதிகம் போய்விடும். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு பலகை 3.3 வோல்ட்டிலேயே பேசும், விலையும் குறைவு. அதையும் நல்ல எட்டுக்கால் கிளிப்பையும் வாங்குங்கள். செலவைக் கூட்ட வேண்டிய இடம் கிளிப்தான், ஏனெனில் தளர்ந்த கிளிப்பால் வரும் தவறான வாசிப்பே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிட்டு, கீபோர்டையும் பாம் ரெஸ்ட்டையும் எடுத்தால் இரண்டு சிப்புகள் தெரியும். திரைக்குப் பக்கத்தில் இருப்பது 4 எம்பி, உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது 8 எம்பி. ஃபிளாஷ்ரோம் (flashrom) என்ற மென்பொருளைக் கொண்டு ஒவ்வொன்றையும் குறைந்தது இரு முறை வாசித்து, இரண்டு கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்ட பிறகே எழுதத் தொடங்க வேண்டும். ஒத்துவராவிட்டால் கிளிப்பை எடுத்து மறுபடி பொருத்துங்கள், அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். முதல் முறை முடிந்து, சிப்பில் எழுதவிடாமல் தடுக்கும் பூட்டும் நீக்கப்பட்டுவிட்டால், அடுத்தடுத்த புதுப்பிப்புகளை லினக்ஸிலிருந்தே எழுதிவிடலாம்.

வாங்கும் இடத்திலேயே எஃப்1 விசையை அழுத்தி பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அந்தக் கணினியை எடுக்க வேண்டாம். மதர்போர்டு பேட்டரியைக் கழற்றினாலும் அது அழியாது.

கேள்வி: எக்ஸ்230 பழசாகத் தோன்றுகிறது. புதிய லேப்டாப் எதிலாவது கோர்பூட் போட முடியுமா?

பதில்: நான்காம் தலைமுறை இன்டெல் சில்லுகளோடு பூட் கார்டு என்ற ஏற்பாடு வந்தது. தயாரிப்பாளர் அதை முழுமையாக இயக்கிவிட்டால், அவருடைய டிஜிட்டல் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை (பயாஸ், கோர்பூட் போன்ற தொடக்க நிரலை) கணினி தொடங்கவே தொடங்காது; தொழிற்சாலையில் ஒரு முறை பதிக்கப்படும் அந்தப் பூட்டைப் பிறகு மாற்ற வழியில்லை. அதே தலைமுறையைச் சேர்ந்த திங்க்பேட் டி440பி இதிலிருந்து தப்பியது. டி480-ல் பூட்டு இருந்தும், மேனேஜ்மென்ட் என்ஜினில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி அதைக் கடந்து, 2024 இறுதியில் கோர்பூட்டை அடிப்படையாகக் கொண்ட லிப்ரிபூட்டின் ஆதரவு வந்தது. மற்றவற்றில், மாடல் எண் கோர்பூட் அல்லது லிப்ரிபூட்டின் ஆதரவுப் பட்டியலில் அப்படியே இருந்தால் மட்டும் வாங்குங்கள். ‘அதே தொடர்தான், வேலை செய்யும்’ என்ற ஊகம் இங்கே செல்லாது.

புதிதாகவே வேண்டுமென்றால் சிஸ்டம்76, ஸ்டார் லேப்ஸ், நோவாகஸ்டம் ஆகிய நிறுவனங்கள் சில மாடல்களைக் கோர்பூட்டுடனேயே விற்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது சுங்க வரியையும், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவையும் விலையோடு சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். மேசைக் கணினி போதுமென்றால் எம்எஸ்ஐ ப்ரோ இசட்690-ஏ மதர்போர்டுக்குக் கோர்பூட்டை அடிப்படையாகக் கொண்ட டஷாரோ கிடைக்கிறது.

கேள்வி: புதுப்பிப்பு நின்றுபோன குரோம்புக்குகள் மலிவாக வருகின்றன. அவற்றில் லினக்ஸ் போடலாமா?

பதில்: ஃபர்ம்வேரை மாற்றுவது உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான். குரோம்புக்கில் இருப்பதே கோர்பூட்தான். ஆனால் அது குரோம் ஓஎஸ்ஸைத் தொடங்குவதற்கென்று அமைக்கப்பட்டிருப்பதால், மிஸ்டர்குரோம்பாக்ஸ் திட்டம் தரும் யுஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்தில் வந்த புதிய தொடக்க முறை) ஃபர்ம்வேரை ஏற்றினால்தான் வழக்கமான லினக்ஸை இடையூறில்லாமல் நிறுவ முடிகிறது. அதற்கு ஃபர்ம்வேர் சிப்பில் எழுதவிடாத தடையை நீக்க வேண்டும்: பழைய மாடல்களில் மதர்போர்டில் ஒரு திருகைக் கழற்றினால் போதும், புதியவை பலவற்றில் பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டியிருக்கும். ஆர்ம் சில்லு உள்ளவற்றுக்கு இந்த ஃபர்ம்வேர் கிடையாது. ஒலி வேலை செய்யாத மாடல்களும் உண்டு. அதையும் முன்பே விசாரியுங்கள்.

பள்ளிகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் கழிந்து வந்த குரோம்புக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த நிறுவனத்தின் நிர்வாகக் கணக்கில் கணினி இன்னும் பதிவாகியிருந்தால், டெவலப்பர் மோடை அவர்கள் தடுத்து வைத்திருக்கக்கூடும். அந்த மோடு இல்லாமல் வழக்கமான முறையில் எதையும் மாற்ற முடியாது. ஆகவே கடையிலேயே கணினியை முழுவதும் ரீசெட் செய்து, வைஃபையில் இணைக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொல்லும் திரை வந்தால், விற்றவர் அந்தப் பதிவை நீக்கித் தரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.