உபுண்டுவில் ஒலி வரவில்லையே!

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோசை நீக்கிவிட்டு உபுண்டு நிறுவினேன். அன்று முதல் சத்தமே இல்லை. அம்மா அதில்தான் மின்னல் எஃப்.எம். கேட்பார். ஒலி அமைப்பில் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டுமே காட்டுகிறது. ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதா, ஐயா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: விண்டோசில் சத்தம் வந்ததென்றால் ஒலிபெருக்கி பெரும்பாலும் நலமாகவே இருக்கும், கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். பயன்படுத்தத்தக்க ஒலி அட்டை (கணினியில் ஒலியை உருவாக்கும் பகுதி) எதுவும் கிடைக்காதபோதுதான் உபுண்டு இந்தப் பெயரைக் காட்டும். முதலில் ஒரு யூ.எஸ்.பி. ஹெட்செட்டைச் செருகிப் பாருங்கள். அதில் ஒலி கேட்டால், 22.10 பதிப்பு முதல் உபுண்டுவில் ஒலியைக் கையாளும் பைப்வயர் சரியாகவே இயங்குகிறது என்றும், குறை உள் அட்டையோடு நிற்கிறது என்றும் கொள்ளலாம்; அம்மாவும் அதுவரை வானொலி கேட்கலாம்.

அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலி தனியொரு செயலிச் சில்லு வழியாகச் செல்வதால், அதற்கு 2018இல் அறிவிக்கப்பட்ட ‘சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்’ (சுருக்கமாக ‘சோஃப்’) என்ற, அச்சில்லை இயக்கும் மென்பொருள் தேவைப்படுகிறது. இது இல்லாமையே பல வேளைகளில் காரணம். இணையத்தில் இணைந்து அனைத்து மென்பொருள்களையும் புதுப்பித்து, ‘ஃபர்ம்வேர் சோஃப் சைன்ட்’ (firmware-sof-signed) என்ற தொகுப்பு இருப்பதை உறுதிசெய்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

ஒலி அமைப்பில் அட்டையின் பெயர் தெரிந்தும் மௌனம் நீடித்தால், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) alsamixer என்று தட்டச்சிட்டு, ஒலி அளவைச் சரிசெய்யும் அல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 விசையால் அட்டையைத் தேர்ந்தெடுங்கள். ‘மாஸ்டர்’, ‘ஸ்பீக்கர்’ பட்டைகளின் அடியில் ‘எம்.எம்.’ என்றிருந்தால் ஒலி அடைக்கப்பட்டுள்ளது. எம் விசையை அழுத்தினால் திறந்துவிடும்.