பாய்லரில் 20 பார் ஏற்றலாமா, கண்டென்சரைக் கவனிக்கலாமா?

கேள்வி: எங்கள் மின் அலகில் டர்பைனுக்கு 80 பார், 500 டிகிரி செல்சியஸில் நீராவி போகிறது. டர்பைனைவிட்டு வரும் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரில் வேக்குவம் கேஜ் 650 மில்லிமீட்டர் பாதரசம் காட்டுகிறது. அதை 0.87 பார் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ராங்கின் செயல்திறன் (நீராவிச் சுழற்சிக்குக் கொடுத்த வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு) 32.5 சதவீதம்தான் வருகிறது. பாய்லரை 100 பாருக்கு உயர்த்தினால் எவ்வளவு கூடும்?

பதில்: முதலில் அந்த 0.87-ஐ அடித்துவிடுங்கள். வேக்குவம் கேஜ் காட்டுவது, காற்றழுத்தத்தைவிட உள்ளே எவ்வளவு குறைவு என்பதை. நீராவி அட்டவணைக்குத் தேவை தனி அழுத்தம், அதாவது முழு வெற்றிடத்திலிருந்து அளக்கும் அழுத்தம். வெளியே 760 மில்லிமீட்டர் என்றால் உள்ளே 110 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 15 கிலோபாஸ்கல் (100 கிலோபாஸ்கல் ஒரு பார்). அன்றைய பாரோமீட்டர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அது 740 ஆக இருந்தால் அதே 650-க்கு உள்ளே 12 கிலோபாஸ்கல்தான். இந்த வித்தியாசத்தை அலட்சியப்படுத்த முடியாது என்பது கீழே தெரியும்.

15 கிலோபாஸ்கலில் இழப்பில்லாத ராங்கின் கணக்கைப் போடுவோம். டர்பைன் நுழைவில் எந்தல்பி (ஒரு கிலோ நீராவி சுமக்கும் ஆற்றல்) 3399.5, வெளியேறும்போது 2179 கிலோஜூல். ஒரு கிலோ நீராவிக்கு டர்பைன் தருவது 1220. ஃபீட் பம்ப் தின்பது வெறும் 8. உள்ளே போகும் வெப்பம் 3165. ஆக செயல்திறன் 38.3 சதவீதம்.

கண்டென்சரை 10 கிலோபாஸ்கலுக்கு இறக்கினால் இது 39.4 ஆகிறது. அந்த 10-லேயே வைத்துக்கொண்டு பாய்லரை 100 பாருக்கு ஏற்றினால் 40.2. கீழே 5 கிலோபாஸ்கல் குறைத்ததில் 1.1 புள்ளி, மேலே 2000 கிலோபாஸ்கல் ஏற்றியதில் 0.8 புள்ளி! காரணம் வெப்பநிலையில் இருக்கிறது. 80-லிருந்து 100 பாருக்குப் போனால் கொதிநிலை 295-லிருந்து 311 டிகிரிக்குத்தான் நகர்கிறது. நுழைவு வெப்பநிலை அதே 500. வெப்பம் ஏறும் சராசரி வெப்பநிலை கொஞ்சம்தான் உயரும். கண்டென்சரிலோ வெளியேறும் வெப்பம் முழுவதும் 54 டிகிரியிலிருந்து 46-க்கு இறங்கிவிடுகிறது.

தவிர, 80 பாருக்கு வடிவமைத்த டிரம், குழாய், டர்பைன் உறை எதையும் 100 பாரில் ஓட்ட முடியாது. உங்கள் கேள்வி புது அலகு வாங்குவதைப் பற்றியது என்றால் அது வேறு கணக்கு. அப்போதும் ஈரத்தைப் பாருங்கள்: டர்பைனின் ஐசென்ட்ரோபிக் திறன் (இழப்பில்லாத டர்பைன் தருவதில் நிஜமாகக் கிடைக்கும் பங்கு) 85 சதவீதம், கண்டென்சர் 10 கிலோபாஸ்கல் என்றால், 500 டிகிரியிலேயே அழுத்தத்தை மட்டும் 100-க்கு ஏற்றும்போது வெளியேறும் நீராவியின் உலர்வு (எடையில் ஆவியாகவே இருக்கும் பங்கு) 0.89-லிருந்து 0.87-க்கு இறங்கும். கடைசி வரிசை பிளேடுகளை நீர்த்துளி அரிக்கத் தொடங்கும். மறுசூடாக்கல் (நீராவியை நடுவில் எடுத்து மீண்டும் சூடாக்குவது) இல்லாமல் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே கண்டென்சருக்கு வாருங்கள். குளிர்நீர் 30 டிகிரியில் வந்து, 10 டிகிரி சூடேறி, நீராவிக்கும் வெளியேறும் நீருக்கும் இடையே 4 டிகிரி இருந்தால் நீராவி 44 டிகிரியில் குளிரும். அதற்கான அழுத்தம் சுமார் 9 கிலோபாஸ்கல். உங்களிடம் 15 இருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது அல்லது அடைத்திருக்கிறது.

அந்த 4 டிகிரி 10-ஐத் தாண்டினால் முதல் சந்தேகம் குழாய்களில் படிந்த அழுக்கின் மேல். நீர் சூடேறுவதே 10-க்குப் பதில் 15 டிகிரி என்றால் பம்ப், வால்வு, வடிகட்டி என்று நீரோட்டத்தைத் தேடுங்கள். ஹாட்வெல் (கண்டென்சரின் அடியில் நீர் சேரும் தொட்டி) நீர் 54-க்குப் பதில் 48 டிகிரி காட்டினால் காற்று புகுந்திருக்கலாம், அல்லது நீர்மட்டம் உயர்ந்து கீழ்க்குழாய்களை மூழ்கடித்திருக்கலாம். மட்டம் சரியாக இருந்தால் மாற்று எஜெக்டரையும் (கண்டென்சரிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கருவி) சேர்த்து ஓட்டிப் பாருங்கள். வேக்குவம் சட்டென ஏறினால் காற்றுதான். டர்பைன் சீல், வால்வுத் தண்டு, வெற்றிடத்தில் இருக்கும் ஃபிளாஞ்ச்கள், இந்த வரிசையில் தேடலாம்.

ஒரு எல்லை உண்டு. 10-லிருந்து 5 கிலோபாஸ்கலுக்கு இறக்கினால் நீராவியின் பருமன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். டர்பைனின் வெளியேறும் வாய் அதற்கு வடிவமைக்கப்படாவிட்டால், கிடைத்த லாபத்தை வெளியேறும் வேகமே விழுங்கிவிடும். அதோடு 30 டிகிரி நீரை வைத்துக்கொண்டு 33 டிகிரியில் குளிர்விக்க ஆசைப்படுவதும் நடக்காது.