சர்ச்சில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் பற்றி வந்த கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை.

கேள்வி: 1940-ல் பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடக்கவில்லை. அப்படியிருக்க சர்ச்சில் எப்படிப் பிரதமரானார்? மன்னர் நியமித்தாரா? (தஞ்சாவூர்)

பதில்: அழைத்தது மன்னர். அழைக்க வைத்தது மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழ்சபையான காமன்ஸ் சபை. போரின்போது தேர்தலை ஆண்டுக்கொரு சட்டம் போட்டுத் தள்ளிவைத்தார்கள். 1935-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே 1945 வரை ஓடியது. எனவே சர்ச்சில் மக்களிடம் வாக்குக் கேட்காமலே பிரதமரானவர்.

நடந்த வரிசை இது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் புகுந்தது. பிரிட்டன் அனுப்பிய படை தோற்றுத் திரும்பியது. மே 7, 8 தேதிகளில் சபையில் விவாதம். பெயரளவில் அது வெறும் ஒத்திவைப்புத் தீர்மானம்தான். இரண்டாம் நாள் எதிர்க்கட்சியான தொழிற்கட்சி வாக்கெடுப்புக் கேட்டதும் நிலைமை மாறிவிட்டது. அரசுக்கு 281, எதிராக 200. பிரதமர் சேம்பர்லின் ஜெயித்துவிட்டார்தான். ஆனால் இருநூறுக்கு மேல் பெரும்பான்மை வைத்திருந்தவர் 81-ல் வந்து நின்றார். சுமார் நாற்பது ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள், வராமல் நழுவியவர்கள் தனிக்கணக்கு. வேடிக்கை என்னவென்றால், நார்வே தோல்வியில் பெரும்பங்கு கடற்படை அமைச்சர் சர்ச்சிலுடையது. அந்த விவாதத்தில் அரசுத் தரப்புக்காகக் கடைசியில் பேசியவரும் அவரே.

மே 9 அன்று சேம்பர்லின், வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், சர்ச்சில், கொறடா மார்கெசன் ஆகியோர் உட்கார்ந்து பேசினார்கள். கட்சியில் பலரும், மன்னர் ஆறாம் ஜார்ஜும், விரும்பியது ஹாலிஃபாக்ஸை. ஆனால் அவர் பிரபுக்கள் சபைக்காரர். காமன்ஸ் சபையில் எழுந்து பேச அவருக்கு உரிமை கிடையாது. போர் நடத்தும் பிரதமர், தன்னைக் கவிழ்க்கக்கூடிய சபையில் கால் வைக்க முடியாமல் எப்படிக் காலம் தள்ளுவது? அவரே பின்வாங்கிவிட்டார்.

மறுநாள் விடிவதற்குள் ஜெர்மனி ஹாலந்து, பெல்ஜியம், லக்சம்பர்க் மீது பாய்ந்தது. இந்த நேரத்தில் பதவி விலகுவது சரியா என்று சேம்பர்லின் கொஞ்சம் தடுமாறினார். தொழிற்கட்சியிடம் இரண்டு கேள்விகள் போயிருந்தன: சேம்பர்லின் தலைமையிலான அரசில் சேருவார்களா, வேறொருவர் தலைமையில் சேருவார்களா? போர்ன்மவுத்தில் மாநாட்டுக்காகக் கூடியிருந்த அக்கட்சியின் செயற்குழு, முதலாவதற்கு ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘சரி’ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டது. அன்று மாலை 65 வயது சர்ச்சிலுக்கு அரண்மனையிலிருந்து அழைப்பு.

பலர் கவனிக்காத ஒன்று: அவர் பிரதமரானபோது கட்சித் தலைவர் அல்ல. கன்சர்வேடிவ் கட்சித் தலைமை அக்டோபர் வரை சேம்பர்லினிடம்தான் இருந்தது. மே 13 அன்று சபைக்குள் நுழைந்தபோது அக்கட்சி உறுப்பினர்கள் பலமாக ஆரவாரித்தது சேம்பர்லினுக்கு. 1904-ல் கட்சி தாவி லிபரலாகி, இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்த மனிதரை அவர்கள் அவ்வளவு சீக்கிரம் நம்பத் தயாராக இல்லை.

கேள்வி: பாதி நாள் படுக்கையில் கிடந்தபடியே நாட்டை ஆண்டார் என்கிறார்களே? (ஈரோடு)

பதில்: படுக்கையில் இருந்தது உண்மை. கிடந்தார் என்பது சரியில்லை. காலை எட்டு மணி வாக்கில் எழுந்து, தலையணையில் சாய்ந்தபடி கோப்புப் பெட்டிகளைத் திறப்பார். முற்பகல் முழுக்கச் செயலாளருக்குச் சொல்லி எழுதவைப்பார். மாலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம், பிறகு குளியல், இரவுச் சாப்பாடு. அதற்கப்புறம்தான் இரண்டாவது ஷிஃப்ட். பின்னிரவு இரண்டு, மூன்று மணி வரை நீளும். அவருக்குப் பகல் தூக்கம் இருந்தது, தளபதிகளுக்கு இல்லை. நள்ளிரவுக் கூட்டம் முடிந்து போகும் தரைப்படைத் தளபதி ஆலன் புரூக் மறுநாள் காலை முப்படைத் தளபதிகள் கூட்டத்தில் தலைமை இருக்கையில் இருந்தாக வேண்டும். அவருடைய நாட்குறிப்பில் எரிச்சல் பக்கம் பக்கமாக இருக்கிறது.

ஆட்சி நடத்திய முறையைப் பார்ப்போம். பிரதமரான அன்றே ‘பாதுகாப்பு அமைச்சர்’ என்ற பதவியையும் தனக்கே உருவாக்கிக்கொண்டார். அதற்குத் தனி அமைச்சகம் கிடையாது. ஜெனரல் இஸ்மேயின் கீழ் ஒரு சிறு அலுவலகம், அவ்வளவே. ஆனால் முப்படைத் தளபதிகள் நேராக அவரிடம் வந்தார்கள். படைத்துறைகளின் மூன்று அமைச்சர்களும் ஐந்து பேர் கொண்ட போர் அமைச்சரவைக்கு வெளியே நிர்வாக வேலையோடு நின்றார்கள். முதல் உலகப் போரில் பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் நாலு பேரிடமும் கிடந்து பட்ட அடி அவருக்கு நினைவிருந்தது. (அந்தக் கதை அடுத்த பதிலில்.)

ஆணைகள் எல்லாம் எழுத்தில்தான். 1940 ஜூலை 19 தேதியிட்ட குறிப்பிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வாய்மொழியாக ‘பிரதமர் சொன்னார்’ என்று யாராவது வந்தால் செல்லாது. அவசரமானவற்றில் ‘இன்றே செய்க’ என்ற சிவப்புச் சீட்டு ஒட்டப்படும். அடுத்த மாதமே இன்னொரு குறிப்பு: அறிக்கைகளைச் சுருக்குங்கள், புள்ளிவிவரங்களைப் பின்னிணைப்பில் தள்ளுங்கள், வளவளத்த அலுவலகச் சொற்றொடர்களை விட்டொழியுங்கள். நம் செயலகங்களின் சுவரிலும் ஒட்டலாம்.

கோளாறு எங்கே என்றால், இதே உற்சாகம் படை நகர்த்தலிலும் நுழைந்தது. 1941-ல் லிபியாவில் ஜெயித்துக்கொண்டிருந்த படையிலிருந்து பிரித்துக் கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். கிரேக்கமும் போனது, லிபியாவில் பிடித்த இடமும் போனது. வட நார்வேயில் இறங்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தளபதிகள் மூவரும் சேர்ந்து நின்று முடியாது என்றார்கள். முணுமுணுத்தாரே தவிர, அவர்களை மீறவில்லை. ஹிட்லருக்கும் அவருக்கும் இருந்த பெரிய வித்தியாசங்களில் இது ஒன்று.

கேள்வி: கலிப்போலி தோல்விக்கு உண்மையிலேயே சர்ச்சில்தான் காரணமா? (திருநெல்வேலி)

பதில்: திட்டத்தைப் பிடிவாதமாகத் தள்ளியவர் அவர். தோற்கடித்தது மட்டும் பல கைகள்.

1915-ல் அவர் கடற்படை அமைச்சர். கலிப்போலி தீபகற்பத்தை ஒட்டிய டார்டனெல்ஸ் நீரிணையைக் கப்பல்களால் மட்டுமே உடைத்துக்கொண்டு தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்துவிட்டால் துருக்கி சரணடையும் என்பது கணக்கு. நீரிணையின் குறுகலான இடம் ஒன்றரை கிலோமீட்டர் அகலம்தான். அங்கே மூன்று தடைகள்: கோட்டைப் பீரங்கிகள், வரிசை வரிசையாகக் கண்ணிவெடிகள், மேட்டுக்குப் பின்னால் மறைந்து இடம் மாறிக்கொண்டே இருக்கும், குண்டை உயரத் தூக்கி வீசும் ஹவிட்சர் பீரங்கிகள். கப்பல் பீரங்கியின் குண்டு தாழ்வாகப் பறப்பது. மேட்டுக்குப் பின்னால் இருப்பதை அது தொடாது. கண்ணிகளை வாரக் கொண்டுபோனது வட கடல் மீன்பிடி டிராலர்களை. ஓட்டியவர்கள் பெரும்பாலும் மீனவர்கள். எதிர்நீரோட்டத்தில் வலையை இழுத்துக்கொண்டு அவை நகர்வதே பெரும்பாடு. அதற்குள் கரையிலிருந்து குண்டு விழும். கடைசியில் சிக்கல் இப்படி முடிச்சாகிவிட்டது: பீரங்கிகளை அடக்காமல் கண்ணியை வார முடியாது, கண்ணியை வாராமல் பீரங்கிகளை அடக்கும் தூரத்துக்குப் போர்க்கப்பல் போக முடியாது.

மார்ச் 8 அன்று ‘நுஸ்ரத்’ என்ற சிறிய துருக்கிக் கப்பல், ஆசியக் கரையோரம் எரென்கோய் விரிகுடாவில், கரைக்கு இணையாக ஒரு வரிசைக் கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. நேசநாட்டுக் கப்பல்கள் திரும்பும்போது வளைகிற இடம் அது. மார்ச் 18 தாக்குதலில் பிரெஞ்சுக் கப்பல் ‘பூவே’ சில நிமிடங்களில் அறுநூறுக்கு மேற்பட்டவர்களுடன் மூழ்கியது. பிரிட்டனின் ‘இர்ரெசிஸ்டிபிள்’, ‘ஓஷன்’ இரண்டும் போயின.

அதன் பிறகு கலிப்போலியில் தரைப்படையை இறக்கியது ஏப்ரல் 25. இடையில் கிடைத்த ஐந்து வாரத்தில் துருக்கியர் அகழிகளைத் தயார் செய்துவிட்டார்கள். ‘படை தர முடியாது’ என்று தொடக்கத்தில் சொன்ன போர் அமைச்சர் கிச்சனர், கப்பல்கள் மட்டும் போதுமா என்ற சந்தேகத்தை உரக்கச் சொல்லாத கடற்படைத் தளபதி ஃபிஷர், இருவருக்கும் பங்கு உண்டு. மே 15 அன்று ஃபிஷர் ராஜினாமா செய்ததும் அரசே ஆடிப்போனது. கூட்டணிக்கு வர கன்சர்வேடிவ்கள் வைத்த நிபந்தனை, சர்ச்சில் கடற்படையில் இருக்கக் கூடாது என்பது. கட்சி தாவியதற்குப் பதினோரு வருடம் கழித்து வட்டியோடு வசூல். நவம்பரில் அமைச்சரவையை விட்டே வெளியேறி, மேற்குப் போர்முனையில் ஒரு ஸ்காட்டிஷ் பட்டாளத்தின் தளபதியாகச் சில மாதம் அகழியில் இருந்தார். 1917 ஜூலையில் பிரதமர் லாயிட் ஜார்ஜ் அவரை ஆயுத உற்பத்தி அமைச்சராக்கினார்.

கேள்வி: போரில் ஜெயித்துக் கொடுத்தவரை 1945-ல் மக்கள் ஏன் தோற்கடித்தார்கள்? (யாழ்ப்பாணம்)

பதில்: மக்கள் தோற்கடித்தது அவருடைய கட்சியை. பிரிட்டனில் பிரதமருக்கென்று தனிச் சீட்டு கிடையாது.

ஜப்பானைத் தோற்கடிக்கும் வரை கூட்டணி தொடரட்டும் என்று சர்ச்சில் கேட்டார். தொழிற்கட்சி மறுத்தது. மே 23 அன்று ராஜினாமா செய்து, காபந்து அரசு அமைத்தார். வாக்குப்பதிவு ஜூலை 5. எண்ணியதோ ஜூலை 26. வெளிநாடுகளில் இருந்த படைவீரர்களின் வாக்குகள் வந்து சேர மூன்று வாரம் தேவைப்பட்டது. இடையில் ஸ்டாலின், ட்ரூமன் ஆகியோருடன் போட்ஸ்டாம் மாநாட்டில் இருந்தவர், முடிவு தெரிந்துகொள்ள லண்டன் திரும்பினார். மாநாட்டுக்குப் பிரதமராகத் திரும்பிப் போனவர் தொழிற்கட்சித் தலைவர் அட்லி. தொழிற்கட்சிக்கு 640-ல் 393 இடம்.

கடைசித் தேர்தல் பத்து வருடத்துக்கு முன் நடந்தது என்பதை மறக்க வேண்டாம். முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்கள் பொதுத்தேர்தலில் வாக்களித்ததே இல்லை. முப்பதுகளின் வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, அது கன்சர்வேடிவ் கணக்கில்தான் எழுதப்பட்டது. குண்டுவீச்சில் லட்சக்கணக்கில் வீடு போயிருந்தது. 1942 டிசம்பரில் வந்த பெவரிட்ஜ் அறிக்கை நோய், முதுமை, வேலையிழப்பு எல்லாவற்றுக்கும் காப்பீடு சொன்னது. அதற்கு சர்ச்சில் தந்த வரவேற்பு வெதுவெதுப்பானது. இத்தனைக்கும் 1911-ல் வேலையிழப்புக் காப்பீட்டைச் சட்டமாக்க உழைத்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்! போதாக்குறைக்கு ஜூன் 4 வானொலிப் பேச்சில், தொழிற்கட்சி ஆட்சிக்கு ஒருவகை கெஸ்டபோ (நாஜிகளின் ரகசியப் போலீஸ்) தேவைப்படும் என்றார். ஐந்து வருடம் அவருடைய போர் அமைச்சரவையில் இருந்து, 1942 முதல் துணைப் பிரதமராகவும் இருந்த அட்லியைப் பார்த்து யார் அதை நம்புவார்கள்? அட்லி மறுநாள் இரவு நிதானமாகப் பதில் சொன்னார். அந்த நிதானமே போதுமானதாக இருந்தது.

உட்ஃபர்டு தொகுதியில் தொழிற்கட்சியும் லிபரல்களும் அவரை எதிர்த்து ஆள் நிறுத்தவில்லை. அப்படியும் ஒரு சுயேச்சை பத்தாயிரத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். 1951-ல் சர்ச்சில் திரும்பி வந்தபோது தலைகீழ்: தொழிற்கட்சிக்கு வாக்கு அதிகம், அவர் தரப்புக்கு இடம் அதிகம்.

கேள்வி: 1943 வங்காளப் பஞ்சத்துக்கு அவர் பொறுப்பா? (சென்னை)

பதில்: பஞ்சத்தை அவர் தொடங்கவில்லை. நிறுத்தக் கூடியதைச் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு நிற்கிறது.

1942-ல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று வங்கக் கரையோர அரிசியை அப்புறப்படுத்தினார்கள், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளையும் பறித்தார்கள். மீனவனுக்கும் நெல் வியாபாரிக்கும் ஒரே அடியில் பிழைப்புப் போயிற்று. அக்டோபரில் மிதுனாப்பூர்ப் புயல், நெற்பயிரில் நோய். மாகாணங்கள் ஒன்றுக்கொன்று தானியம் விட மறுத்தன. போர்ச் செலவால் விலை ஏறியது, பதுக்கல் பெருகியது. பஞ்சம் என்று மாகாண அரசு முறைப்படி அறிவிக்கவே இல்லை. 1945-ல் விசாரணைக் குழு சொன்ன சாவு 15 லட்சம். பிந்தைய ஆய்வுகள் பல 30 லட்சம் வரை போகின்றன.

லண்டன் வருவது இங்கேதான். 1943 ஜனவரியில் சர்ச்சில் இந்தியப் பெருங்கடலில் ஓடிய சரக்குக் கப்பல்களில் பெரும்பகுதியை வேறு பக்கம் திருப்பினார். டில்லி ஐந்து லட்சம் டன் கோதுமை கேட்டது. ஆகஸ்டு 4 போர் அமைச்சரவை முடிவு செய்தது இராக்கிலிருந்து ஒரு லட்சம் டன் பார்லி, அத்துடன் கொஞ்சம் ஆஸ்திரேலியக் கோதுமை. அக்டோபரில் வைஸ்ராயாக வந்த வேவல் திரும்பத் திரும்ப எழுதியபின் வரத்து கூடியது. 1944 ஏப்ரலில் சர்ச்சிலே ரூஸ்வெல்ட்டிடம் கப்பல் கேட்டார், கிடைக்கவில்லை. கப்பல் பஞ்சம் நிஜம் என்பதற்கு அது சான்று. ஆனால் இந்தியர்களைப் பற்றி அமைச்சரவையில் அவர் பேசியதைக் கேட்ட இந்தியத் துறை அமைச்சர் ஏமரி, அவருடைய கண்ணோட்டத்துக்கும் ஹிட்லருடையதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். ஏமரி சர்ச்சிலின் எதிரி அல்ல. பள்ளிக் காலத்திலிருந்து அறிமுகம், அதே கட்சி.

கேள்வி: காந்தியை அவர் நேரில் பார்த்ததே இல்லையா? (காரைக்குடி)

பதில்: ஒரே ஒரு முறை. 1906 நவம்பரில், தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக லண்டன் போன வழக்கறிஞர் காந்தி, குடியேற்ற நாடுகளின் துணை அமைச்சராக இருந்த சர்ச்சிலைச் சந்தித்தார். 1931-ல் ‘அரை நிர்வாணப் பக்கிரி’ என்று ஏசியபின், வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தியைப் பார்க்க மறுத்துவிட்டார்.

கேள்வி: ‘சுதந்திரம் தந்தால் அயோக்கியர்கள் கையில் ஆட்சி போகும், காற்றுக்கும் தண்ணீருக்கும் வரி போடுவார்கள்’ என்று சர்ச்சில் சொன்னதாக ஒவ்வோர் ஆகஸ்டிலும் வாட்ஸ்அப்பில் வருகிறதே? (கோவை)

பதில்: அந்த வாசகம் நாடாளுமன்றப் பதிவுகளில் இல்லை, அவருடைய பேச்சுத் தொகுப்புகளிலும் இல்லை. 1947 மார்ச் 6 அன்று சபையில் அவர் சொன்னது பதிவில் இருக்கிறது: இந்தியாவை வைக்கோல் பொம்மைகளிடம் ஒப்படைக்கிறோம், சில வருடங்களில் அவர்களின் சுவடே இருக்காது என்றார். நேருவும் படேலும் அப்போது இடைக்கால அரசில் இருந்தார்கள். 1955-ல் சர்ச்சில் ஓய்வு பெற்றபோதும் நேரு பிரதமராகவே இருந்தார்.

கேள்வி: நோபல் பரிசு அமைதிக்காகத்தானே? (பெங்களூரு)

பதில்: இலக்கியத்துக்கு, 1953-ல். வரலாற்று எழுத்துக்கும் பேச்சாற்றலுக்கும் என்றது அறிவிப்பு. பெர்முடாவில் மாநாடு இருந்ததால் ஸ்டாக்ஹோமில் பரிசை வாங்கியது மனைவி கிளமென்டைன். உங்கள் ஊர்க்காரர் என்பதால் ஒரு கொசுறு: 1896-ல் குதிரைப்படை அதிகாரியாக அங்கே வந்திருந்த சர்ச்சில், பெங்களூர் கிளப்புக்கு 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். வராக்கடனாக எழுதப்பட்ட அந்தப் பதிவேடு கிளப்பில் இருக்கிறது.