ரேஷன் கடை மெஷினும் அப்பாவின் விரலும்

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் ஆத்தங்குடிப் பக்கம், தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் கல் செய்கிற பூக்கல் பட்டறையில் 30 வருடமாக வேலை பார்க்கிறார். சென்னையில் இருக்கும் மகன் சனி, ஞாயிறு மைக் பிடித்து ஸ்டாண்ட்-அப் காமெடி பேசுகிறான். "எங்கப்பா செஞ்ச தரையில உங்க மூஞ்சி தெரியும். ரேஷன் கடை மெஷினுக்கு அவர் விரல்தான் தெரியாது" என்கிறான். சனம் கைதட்டிச் சிரிக்கிறது. வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பெத்தவர் கஷ்டம் கேலிப்பொருளா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். அதில் உங்கள் வீட்டுக்காரர் எங்கும் சிறுமைப்படவில்லை. சிரிப்பு விழுவது மெஷின் மேல்.

பூக்கல் வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைப் பதமாகத் தூக்க வேண்டும். பிறகு உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையைப் பூசி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட வேண்டும். நாள் முழுக்கச் சிமெண்டில் கிடக்கும் விரலில் ரேகை எப்படி நிற்கும்? மகன் சின்ன வயதிலிருந்தே அந்தக் கையைப் பார்த்திருக்கிறான். பார்க்காதவனுக்கு இந்த வரி வராது.

இது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் போட்டால், கதாநாயகனான ராஜபார்ட்டுக்கு முன்னால் கோமாளி வேடக்காரரான பபூன் தனியாக வருவார். ஆர்மோனியக்காரரிடம் பேச்சுக் கொடுத்து, கடன், கூலி, வீட்டுச் சண்டை என்று எல்லாவற்றையும் இழுப்பார். பகலெல்லாம் களை எடுத்துவிட்டு வந்த என் அப்பத்தா, கூலியைக் குறைத்துக் கொடுக்கிறவரைப் போல அவர் நடந்து காட்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பணக்கார வீட்டில் உட்கார்ந்து கூலிக்காரரைக் கிண்டல் செய்கிற சிரிப்பு வேறு. அது எனக்கு ஆகாது.

ஆனாலும் மகனிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவிடம் இதைச் சொல்லிக் காட்டினானா? இல்லையென்றால் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நேரில் சொல்லட்டும். அவர் முகம் வாடினால், எவ்வளவு கைதட்டல் கிடைத்தாலும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

அப்புறம், வரும்போது அவனையே அப்பாவை ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் ரேகையைப் புதுப்பித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரிசி வாங்க அவர் ஒவ்வொரு மாதமும் வரிசையில் நின்று திரும்பக் கூடாது.