பழைய கற்சுவரும் புதிய சாந்தும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் சுற்றுச்சுவர் நூறாண்டுக்கும் மேற்பட்டது. கற்கள் உறுதியாக இருந்தாலும் இடுக்குகளில் உள்ள சாந்து விரல் பட்டாலே உதிர்கிறது. சிமென்ட் கலவையால் பாயின்டிங் (இடுக்குகளை நிரப்பிப் பூசுவது) செய்துவிட்டால் கவலையில்லை என்கிறார் கொத்தனார்; சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும் என்கிறார் என் அண்ணன். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதே சரி. சாந்து எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் புதுக் கட்டடங்களில் உண்டானது. பழைய கற்சுவருக்கு அது பொருந்தாது. மழைநீரும் நிலத்து ஈரமும் அந்தச் சுவருக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புச் சாந்து, உள்ளே போன ஈரத்தை இடுக்குகளின் வழியாகவே வெளியேற்றிவிடுகிறது. அந்த இடுக்குகளை அடர்த்தியான சிமென்ட்டால் அடைத்துவிட்டால் ஈரம் கல்லின் வழியாக வெளியேற முயலும். அது சுமந்து வரும் உப்பு கல்லின் மேற்பரப்பை ஒட்டிப் படிகமாகி, கல்லைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். சிமென்ட் பூசிப் பல ஆண்டுகளான மணற்கல் சுவர் ஒன்றை அருகில் சென்று பாருங்கள்: பூச்சு வலைப்பின்னல்போலத் துருத்தி நிற்க, நடுவில் கல் குழிந்து போயிருக்கும். சாந்து உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், கல் உதிர்ந்தால் என்ன செய்வது?

இன்னொரு காரணமும் உண்டு. போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824இல். அது எங்கும் பரவியது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். அதற்கு முன் சுண்ணாம்பால் கட்டப்பட்ட சுவர்களில், சுவர் விரிந்து சுருங்க இடம்தரும் இடைவெளி எதுவும் விடப்பட்டதில்லை. வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்பச் சுவர் சற்றே அசையும்போது சுண்ணாம்புச் சாந்து அதற்கு இணங்கிக் கொடுக்கிறது. அப்போது மயிரிழை விரிசல் விழுந்தாலும், நீரில் கரைந்த சுண்ணாம்பு அங்கேயே மீண்டும் படிந்து அதை ஓரளவு அடைத்துவிடும்.

இனி, எந்தச் சுண்ணாம்பு என்பதைக் கல்லையும் இடத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும் சாதாரணச் சுண்ணாம்பு, மென்மையான கல்லுக்கும் மழை நேரடியாக அடிக்காத பகுதிக்கும் ஏற்றது. நீரோடு சேர்ந்தே இறுகத் தொடங்கும் மற்றொரு வகைச் சுண்ணாம்பும் உண்டு. ஐரோப்பியத் தரவிதிப்படி அது 2, 3.5, 5 என்று பிரிக்கப்படுகிறது, எண் ஏற ஏறக் கடினமும் ஏறும். பொதுவான சுவர் வேலைக்கு 3.5 போதும், எந்நேரமும் மழையைத் தாங்கும் சுவரின் உச்சிப் பகுதிக்கு மட்டும் 5 வரை போகலாம். கருங்கல்லைச் சிமென்ட் எளிதில் கெடுக்காது என்பது உண்மைதான்; ஆனாலும் ஈரம் உள்ளே தங்கிவிடும் என்பதால் அதற்கும் சுண்ணாம்பையே சொல்வேன்.

கன அளவில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஏறத்தாழ மூன்று பங்கு மணல் என்பது வழக்கமான தொடக்கம். மணலைக் கையில் தேய்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்: பொடியும் பருமணியும் கலந்து, கழுவப்பட்டு, உப்பில்லாமல் இருக்க வேண்டும். பழைய சாந்தில் ஒரு துண்டை நொறுக்கி வினிகரில் ஊறப்போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து மணல் அடியில் தங்கும். அதன் நிறத்துக்கும் பருமனுக்கும் நெருக்கமான மணலைத் தேடினால் புதுப்பூச்சு தனியாகத் தெரியாது. பழைய மணலில் சிப்பித்தூள் இருந்தால் அதுவும் கரைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

சுவர் எங்காவது உப்பியிருந்தாலோ சாய்ந்திருந்தாலோ, சாந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: சுண்ணாம்புக் கலவையில் ஒரு கரண்டி சிமென்ட் சேர்த்தால் சீக்கிரம் இறுகுமல்லவா?

பதில்: சேர்க்க வேண்டாம். சிறிதளவு சிமென்ட், காயும்போது சுண்ணாம்பிலிருந்து பிரிந்து, சாந்தை உள்ளூர வலுவிழக்கச் செய்யக்கூடும். வேகம் வேண்டுமென்றால் நன்றாகப் பொடித்த செங்கல் தூளைச் சேருங்கள், அல்லது நீரில் இறுகும் சுண்ணாம்புக்கே மாறிவிடுங்கள்.

கேள்வி: சுண்ணாம்புச் சாந்து பூசிய சில நாட்களிலேயே மாவாக உதிர்கிறது. சுண்ணாம்பு மட்டமா?

பதில்: பெரும்பாலும் இல்லை, அவசரமாகக் காய்ந்ததே காரணமாக இருக்கும். கரியமில வாயுவை ஏற்று இறுகுவதற்கும் சாந்தில் ஈரம் தேவை. உதிர்ந்ததை உளியால் சுரண்டி எடுத்து (வெட்டும் இயந்திரம் கல்லின் விளிம்பைச் சிதைத்துவிடும்), இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர் ஆழம் வரை சுத்தம் செய்யுங்கள். தூசியைக் கழுவிக் கல்லை நனைத்தபின், சொட்டும் நீர் வடிந்ததும் சாந்தை அழுத்தித் திணியுங்கள். ஆழமான இடுக்கை ஒரே மூச்சில் நிரப்பாமல் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். ஈரச் சாக்கால் மூடி, ஒரு வாரமாவது வெயிலும் காற்றும் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்களில் பூச்சு வேலையைத் தொடங்கவே வேண்டாம்.