பன்னீர்ச் சொட்டு ஏன் அடியில் தங்குகிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கல்யாண வீட்டுப் பன்னீர்ச் செம்புக்கென்று ரோசா வாசனைத் திரவம் வாங்கினேன். போத்தலில் 'பீனைல் எதைல் அற்ககோல்' என்று போட்டிருக்கிறது. 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி விட்டால் கொஞ்சம் அடியில் போய்க் கிடக்கிறது. எண்ணெய் மிதக்க வேண்டாமா? இது கலப்படமா? அற்ககோல் என்றதும் அம்மாவும் பயப்படுகிறா."

அம்மாவுக்கு முதலில் சொல்லுங்கள், இது சாராயம் இல்லை. சாராயத்தில் இருப்பது எதனோல். அற்ககோல் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். உங்கள் போத்தலில் உள்ளது ரோசாப் பூவே தனக்குள் வைத்திருக்கும் இன்னோர் உறுப்பினர். பாண் மா புளிக்கும்போது ஈஸ்ட்டும் இதைக் கொஞ்சம் உண்டாக்கும். எதனோல் 78 பாகை செல்சியசில் கொதிக்கும், இது கொதிக்க ஏறக்குறைய 219 பாகை வேண்டும். அதனால்தான் வாசனை மெல்ல மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்கிறது.

அடியில் தங்குவதை வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. இந்தத் திரவம் தண்ணீரைவிடச் சற்றே கனமானது, அடர்த்தி 1.02. 100 மில்லிலீற்றர் தண்ணீர் இதில் சுமார் 2 மில்லிலீற்றரைத்தான் கரைக்கும். நீங்கள் விட்டது 5. மிச்சம் கண்ணாடிக் குமிழ் போல அடியில் உருண்டு கிடக்கும்.

அந்த 2 மில்லிலீற்றர்தான் பன்னீரின் உயிர். இதன் மூலக்கூற்றில் ஒரு பக்கம் தண்ணீரை ஒதுக்கும் பென்சீன் வளையம், மறுபக்கம் தண்ணீரோடு ஒட்டும் ஐதரொட்சில் கூட்டம். ரோசா இதழை ஆவியில் வடிக்கும்போது இந்த அற்ககோலில் பெரும்பகுதி எண்ணெயோடு வராமல் தண்ணீரோடு போய்விடும். விலை கூடிய ரோசா எண்ணெயில் இது சொற்பமாகவே மிஞ்சுகிறது. நல்ல பன்னீரை முகர்ந்தால் பூவையே முகர்வது போல இருப்பது இதனால்தான். காரத்தில் கெடாததால் சவர்க்கார வாசனைக்கும் ஏற்றது.

சரி, செம்புக்கு எவ்வளவு? கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மில்லிலீற்றர் போதும். முழுவதும் கரையும்வரை மூடிக் குலுக்குங்கள். அடியில் ஒரு சொட்டுக்கூட நிற்கக் கூடாது. கரையாத சொட்டு கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும். பந்தலில் சின்னப் பிள்ளைகள் முகத்தை நீட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். சர்பத்தில் மட்டும் இதை விடவே வேண்டாம், அதற்கு உணவுக்கென்று விற்கும் பன்னீரையே வாங்குங்கள். மிச்சத்தை இறுக மூடி வெயில் படாத அலுமாரியில் வையுங்கள். காற்றுப் பட்டால் மெல்ல ஒட்சியேறி, ரோசா மணம் போய்ப் பச்சிலை வாடை ஏறும்.