மூடுலில் மதிப்பெண் ஏறவில்லை: கோளாறு எக்செலில்

மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்திலிருந்து இறக்கிய மதிப்பெண் கோப்பை எக்செலில் நிரப்பி மீண்டும் ஏற்றினால், மாணவர் பெயர்கள் கேள்விக்குறியாகின்றன, 12 இலக்கப் பதிவெண் பொருந்தவில்லை என்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

நீளமான எண்ணை எக்செல் அடுக்குக்குறியில் (1.23E+11 போல) சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) சேமித்தால் திரையில் தெரிவதுதான் பதியும்; கடைசி இலக்கங்கள் போயே போச்சு. அந்தக் கோப்பை மீட்க முடியாது, மூடுலிலிருந்து புதிதாக இறக்குங்கள்.

இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். வெற்றுத் தாளில் டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி போய், ஃபைல் ஆரிஜினில் 65001 யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தையும் தாங்கும் குறியாக்கம்) தேர்ந்தெடுங்கள். டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவில் பதிவெண் நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். அப்போது கேட்கும் கேள்விக்கு 'ரீப்ளேஸ் கரன்ட்' என்றே சொல்லுங்கள். புதுப் படியாகச் சேர்த்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் திரும்பாது.

சேமிக்கையில் வெறும் சிஎஸ்வி வேண்டாம், 'சிஎஸ்வி யூடிஎஃப்-8'. பெயர் கேள்விக்குறியானது வெறும் சிஎஸ்வியாகச் சேமித்ததால்தான். ஏற்றும்போது பெயரை வைத்துப் பொருத்தாமல் பதிவெண்ணை வைத்தே பொருத்துங்கள்.